கப்பல்காரன் கழுத்தில் கிடந்த உத்தரியம்

தேங்காய்ப்பட்டணம்
14 செப்டம்பர் 2023

இயேசு மரி சூசை துணை

ஜாஸ்பர் தம்பிக்கு சகாயம் சொல்லி எழுதுவது.

கப்பல் கெட்டது எந்த வருஷம் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கு எழுத்தும் தெரியாது, கலண்டர் பார்க்கவும் தெரியாது. ஆனால் வருஷம் தெரியும். புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அந்த வருஷம். தாலூக்காக்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் கொடி பிடித்த ஆடி மாதம் அது. அதற்கு முந்தின ஆனியில்தான் ஹெல்கா ரோஸ் கப்பல் பாறையில் ஏறியது. அன்றைக்கு நாங்கள் திருவிதாங்கூர் – கொச்சிக்காரர்கள். வந்த போலீஸ்காரன் மலையாளத்தில்தான் ஏசினான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மீசை வரவில்லை, வாய் வந்துவிட்டது என்று அம்மா சொல்லுவாள்.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கிறது. அதனால் மருமகள் ஷிஜி எழுதுகிறாள். நான் ஒன்றைச் சொன்னால் அவள் படித்தவர்கள் பேசுகிற மாதிரி ஆக்கிவிடுகிறாள். “மாமா, நீங்க சொல்றத அப்படியே எழுதினா அவரு போலீசுல குடுத்துருவாரு” என்கிறாள்.

கப்பல் கொழும்பிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு வந்தது. பாறையில் ஏறி இரண்டாய்ப் பிளந்ததும் கடல் தேயிலைத் தண்ணீர் ஆயிற்று. எங்களில் பலபேர் அதற்கு முன்னால் தேயிலையைக் கண்டதில்லை. கரையில் ஒதுங்கினதை வாரிக் காயப்போட்டு, கொதிக்கவைத்துக் குடித்துத் துப்பினோம். இன்றைக்கும் ஆனிக்காற்று அடிக்கிற சில நாட்களில் அந்த வாசனை வரும். ஷிஜி இல்லவே இல்லை என்கிறாள். அவளுக்கு வராது.

ஆட்களைக் காப்பாற்ற என் அண்ணன் சிலுவையும் அவன் கூட்டாளி யேசுதாசனும் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனார்கள். மரம் புரண்டது. யேசுதாசன் நீந்தி வந்தான். கப்பல்காரர்கள் இறக்கின படகின் கயிற்றை அண்ணன் பிடித்து ஏறுவதைக் கண்ணால் கண்டேன் என்றான். அந்தப் படகை வேறொரு கப்பல் எடுத்துக் கொச்சிக்குக் கொண்டுபோயிற்று. கொச்சியில் இறங்கினவர்களில் அண்ணன் இல்லை. அது உங்களுக்கு வேண்டிய காரியம் இல்லை, விடுங்கள்.

மூன்றாம் நாள் ஏழு உடல்கள் ஒதுங்கின. முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாறை தின்றது பாதி, மீன் தின்றது பாதி. எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கினோம். தோண்டிப் பார்க்க வழி உண்டா என்று கேட்டீர்கள். சுனாமி தோண்டிவிட்டது. இப்போது அந்த இடத்தில் கடல்.

சகாயம்


மஸ்கட்
9 அக்டோபர் 2023

மதிப்பிற்குரிய சகாயம் ஐயா அவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கருங்கல் ஊரில் என் வீட்டு மாடியில் இருப்பதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். ஹெல்கா ரோஸின் வட்ட ஜன்னல் வளையம் ஒன்று, நீல நங்கூரம் போட்ட பீங்கான் தட்டுகள், தேயிலைப் பெட்டியின் ஈயத்தகடு. பதினேழு வருடங்களாகத் தேடிச் சேர்த்தவை. அப்பா உயிரோடு இருக்கும்போது, “கல்ஃபுக்குப் போனவனெல்லாம் வீடு கட்டினான், இவன் கப்பல் கட்டுதான்” என்பார்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. அந்தக் கப்பலின் இரண்டாம் இன்ஜினியரின் பேத்தி, தாத்தாவின் பொருட்களை ஏலத்தில் விட்டார். நான் எடுத்தேன். அவருடைய போட்டோ, கப்பல் கம்பெனி அனுப்பிய இரங்கல் கடிதம், ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பழுப்புத் துணியில் ஓர் உத்தரியம். ‘கரை ஒதுங்கிய உங்கள் கணவரின் உடலில் இருந்தது இது ஒன்றே’ என்று கம்பெனி எழுதியிருக்கிறது.

சிக்கல் இதுதான். அந்த இன்ஜினியர் லுத்தரன் சபைக்காரர். கத்தோலிக்கர்களைப் போல உத்தரியம் அணிகிறவர் இல்லை. எனவே யாரோ பிற்பாடு உள்ளே வைத்த போலிப்பொருள் என்று கண்காட்சிக்காரர்களுக்காகப் பரிசோதித்தவர் எழுதிவிட்டார். ஒன்று போலி என்றால் என் சேகரிப்பு முழுவதையும் சந்தேகப்படுவார்கள். அடுத்த வருடக் கண்காட்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

நீங்கள் உடல்களைக் கண்டவர். உத்தரியத்தின் போட்டோவும், தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலமும் இத்துடன் இருக்கின்றன. ‘ஹெல்கா ரோஸ் மாலுமி ஒருவரின் கழுத்தில் இந்த உத்தரியம் கிடந்ததைக் கண்டேன்’ என்பதுதான் வாசகம். கைநாட்டு வைத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஜாஸ்பர்


தேங்காய்ப்பட்டணம்
3 நவம்பர் 2023

இயேசு மரி சூசை துணை

ஜாஸ்பர் தம்பிக்கு,

கைநாட்டு வைக்கத்தான் இருந்தேன். ஷிஜி மை தொட்டுக் கையில் பிடித்தும்விட்டாள். அப்போதுதான் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கயிறு எங்கள் வலைநூல் தம்பி. பனிச்சைக்காய்ச் சாற்றில் முக்கிக் கறுப்பாக்கினது.

நீங்கள் உத்தரியம் போடாத கூட்டம், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சில் ஒரு துண்டுத் துணி, முதுகில் ஒரு துண்டு, இரண்டையும் சேர்க்கிற கயிறு. தேவமாதாவின் பிள்ளை என்பதற்கு அடையாளம். கடலுக்குப் போகிறவன் அதைக் கழற்ற மாட்டான். உத்தரியம் கிடந்தால் வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன், கோயில் நிலத்தில் அடக்கலாம். இல்லையென்றால் வெளியே மணலில். அன்றைக்கு இங்கே இருந்த பங்குச் சாமியாரின் சட்டம் அது. மணலில் புதைத்ததை அடுத்த அலை எடுக்கும், மிச்சத்தை நாய் எடுக்கும்.

ஏழுபேரும் விடியும்போது கிடந்தார்கள். கடல் துணியையெல்லாம் உரித்துவிட்டிருந்தது. சாமியார் வருவதற்குள் அம்மா கழுத்திலிருந்து தன் உத்தரியத்தைக் கழற்றினாள். அண்ணன் அந்தப் படகில் ஏறிப் பிழைத்தான் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்தோம்.

“எனக்க மவன வள்ளத்துல ஏத்தினவனுவ. நாய்க்கா போடுகது? ஏட்டி, ஆளுக்கொண்ணு கழத்துங்க!”

“செத்தவன் என்ன வேதமோ?”

“செத்தவனுக்கு என்ன வேதம்? பெத்தவ ஒருத்தி இருப்பா. கழத்துட்டி.”

தலைகள் ஊதிப்போய்க் கிடந்ததால் கயிறு நுழையவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் அறுத்து, கழுத்தில் சுற்றி, பிடரியில் முடிச்சுப் போட்டார்கள். சாமியார் வந்து ஏழு கழுத்தையும் பார்த்தார். குனிந்து ஒரு கயிற்றை விரலால் இழுத்தார். “கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம தேங்காய்ப்பட்டணத்து வலைநூல்தான் கெட்டுதானுவ போல” என்றார். குழி வெட்டச் சொன்னார்.

மத்தியானம் போலீஸ் வந்தது. ஆளுக்கு ஒரு பொருள் எடுத்தார்கள், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப. ஒருவனிடம் மோதிரம், ஒருவனிடம் கைக்கடிகாரம். ஒருவனிடம் ஒன்றுமே இல்லை. அவன் உத்தரியத்தைக் கத்தியால் அறுத்து எடுத்தார்கள். உங்கள் பெட்டியில் இருப்பது அதுதான். போலி இல்லை.

ஆனால் கைநாட்டுக்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பெண்கள் கட்டினதென்றால் கயிற்றில் முடிச்சு இருக்கும், போலீஸ் அறுத்த இடமும் இருக்கும். உயிரோடு இருக்கையிலேயே போட்டிருந்ததென்றால் முடிச்சு இருக்காது. அம்மா எங்களுக்குச் செய்யும்போது கயிற்றின் இரண்டு நுனியையும் துணிக்குள் வைத்துத் தைத்துவிடுவாள். அறுத்த இடம் ஒன்று மட்டும்தான் இருக்கும்.

மூன்று நாள் கடலில் கிடந்தால் தோல் உரிந்து கறுத்தவனும் வெள்ளைக்காரன்தான் தம்பி. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை.

போட்டோவில் கயிறு மடங்கிக் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள். முடிச்சு உண்டா?

சகாயம்


மஸ்கட்
20 டிசம்பர் 2023

மதிப்பிற்குரிய ஐயா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். வேலை அதிகம்.

பொருள் கண்ணாடிப் பேழைக்குள் முத்திரையிட்டு இருக்கிறது. நினைத்தபோது திறந்து கையில் எடுக்க இயலாது. காற்றுப் பட்டால் துணி பொடிந்துவிடும் என்கிறார்கள்.

உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் எழுபது வருடத்துக்குப் பிறகு ஒரு கயிற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடிச்சு அவிழ்ந்திருக்கலாம், அறுந்து விழுந்திருக்கலாம். உங்கள் ஊர்ப் பெண்கள் ஏழுபேருக்கும் கட்டினார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் மாலுமியின் கழுத்தில் இது கிடந்தது என்ற வாசகத்தில் பொய் எதுவும் இல்லையே. அந்தப் பெண்கள் செய்ததையும் சேர்த்து எழுதித் தருகிறேன். படித்தால் உலகமே கண்ணீர் விடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த இன்ஜினியரின் மனைவி சாகிறவரை இந்தத் தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்திருந்தாராம். நாம் அதைத் தொட வேண்டுமா?

புதிய வாக்குமூலம் இணைத்திருக்கிறேன்.

ஜாஸ்பர்


தேங்காய்ப்பட்டணம்
11 ஜனவரி 2024

ஜாஸ்பர் தம்பிக்கு,

கண்ணாடிக்குள் இருக்கிறது, திறக்க முடியாது என்கிறீர்கள். உங்கள் முதல் போட்டோவில் அது ஒரு மேஜைமேல் கிடக்கிறது, பக்கத்தில் உங்கள் விரல் தெரிகிறது. கட்டைவிரல். நகம் வெட்டாத விரல். எனக்குக் காதுதான் போயிற்று.

ஷிஜி இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

நான் உங்களிடம் ஒரு காரியத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அண்ணன் கல்யாணம் முடிந்து நாலு மாதத்தில் கடலில் போனான். என் மைனி, அதாவது அவன் மனைவி, அடுத்த வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது பதினேழு இருக்கும். இன்றைக்கும் கழுத்தில் அண்ணன் கட்டின மின்னு, எங்கள் தாலி, கிடக்கிறது. எழுபது வருஷமாக அவள் கெட்டினவளும் இல்லை, அறுத்தவளும் இல்லை. வேறு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். “கொச்சியில இருந்து அவரு வந்தா நீங்க பதில் சொல்லுவியளா?” என்று கேட்டு அனுப்பினாள்.

சுனாமிக்கு முன்னால் மரித்தோர் திருநாளுக்குக் கல்லறையெல்லாம் மெழுகுதிரி ஏற்றுவோம். அவள் அம்மாவுக்கு ஏற்றுவாள், அப்பாவுக்கு ஏற்றுவாள், அந்த ஏழு குழியின் பக்கம் போக மாட்டாள். செத்தவர்கள் பெயரைச் சாமியார் கேட்கும்போது சிலுவை என்று நாங்கள் யாரும் கொடுக்கக் கூடாது. ஒருதரம் யேசுதாசன் குடித்துவிட்டு வந்து, “மைனி, நான் கண்டது அவன் ஏறினதயா, கயிறப் பிடிச்சதயா, எனக்கே இப்பம் தெரியல்ல” என்று அழுதான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அவன் செத்து முப்பது வருஷம் ஆகிறது.

ஆனி பிறந்தால் கதவுக்குக் கொண்டி போட மாட்டாள். ராத்திரி காற்றில் அந்தக் கதவு அடிக்கும். காது நன்றாக இருந்த காலம் முழுக்க நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். இப்போது காது போனபிறகும் கேட்கிறது.

ஒக்கிப் புயலில் போனவர்களின் பெண்டாட்டிமார் உடம்பு கிடைக்காமல் கரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்களோடு போய் உட்கார்ந்தாள். பதினாறு நாள் பூசை வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு பெண் அவளிடம் கேட்டாளாம். “வச்சிரு மக்கா. என்னப்போல இருக்காத” என்று சொன்னாளாம்.

உங்கள் கடிதங்களை ஷிஜி எனக்காகச் சத்தமாய்ப் படிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று மைனி வாசலில் வந்து நின்றாள். “கொழுந்தா, அந்தக் கருங்கல்லுக்காரன் கயிறப் பாத்தானா?” என்றாள்.

“பாக்கல்லியாம்.”

“முடிச்சு உண்டா இல்லியா, அத மட்டும் கேளு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

கேட்டுவிட்டேன்.

சகாயம்


மஸ்கட்
2 மார்ச் 2024

சகாயம் பாட்டாவுக்கு,

இப்படி அழைக்க உரிமை உண்டா என்று தெரியவில்லை.

முடிச்சு இல்லை.

கயிற்றின் இரண்டு நுனிகளும் துணிக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் ஓர் இடத்தில் கத்தி பட்டு அறுந்திருக்கிறது. அந்த ஒன்றைத் தவிர வேறு வெட்டு இல்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கயிறு முழுவதும் பார்த்தேன். முன்பு முடிச்சு இருந்து அவிழ்ந்திருந்தால் நூல் அந்த இடத்தில் நெளிந்திருக்கும். நெளிவும் இல்லை.

உங்கள் நவம்பர்க் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். எழுத வரவில்லை. கண்ணாடிப் பேழை என்று எழுதியது பொய்.

கண்காட்சிக்காரர்களிடம் இது கப்பலின் பொருள் அல்ல என்று தெரிவித்துவிட்டேன். மற்றவற்றை எடுப்பார்களா என்பது இனி அவர்கள் பாடு. இன்ஜினியரின் பேத்திக்கும் எழுதினேன். சொல்லாமல் இருக்கத்தான் ஆசைப்பட்டேன். கப்பலில் தொலைந்தவர்கள் எட்டுப்பேர். கரை ஒதுங்கியது ஏழு. எட்டாவது ஆள் ஓர் இளம் மாலுமி என்று கம்பெனி முடிவு செய்து வைத்திருந்தது. ஏழில் ஒருவர் உங்கள் அண்ணன் என்றால், இன்ஜினியரும் கிடைக்கவே இல்லை. அந்த அம்மாள் ஒரே வரியில் பதில் போட்டார். ‘அப்படியென்றால் என் பாட்டி யாரை வைத்திருந்தார்?’

உங்கள் வீட்டுக் காத்திருப்பை எடுத்து அவர் வீட்டில் வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

உத்தரியத்தை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் மைனிப் பாட்டியிடம் கொடுங்கள். வாக்குமூலம் எதுவும் வேண்டாம்.

ஜாஸ்பர்


தேங்காய்ப்பட்டணம்
7 ஏப்ரல் 2024

இயேசு மரி சூசை துணை

ஜாஸ்பர் தம்பிக்கு,

சாமான் பத்திரமாய் வந்தது. தவக்காலம் என்பதால் ஈஸ்டர் கழிந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஷிஜி மைனியின் வீட்டில் வைத்தே படித்தாள். முடிச்சு இல்லை என்கிற இடத்தில் நிறுத்தினாள். நான் மைனியைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உத்தரியத்தை வாங்கி, துணியைப் பார்க்கவே இல்லை, கயிற்றை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனாள். ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று.

“கொழுந்தா, இது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்” என்றாள்.

“என்ன மைனி?”

“அத்தக்க கூட நானும்தானே போனேன். நானும் எனக்க உத்தரியத்தக் கழத்திக் கையில வச்சிருந்தேன். கடேசில கெடந்தவன்கிட்ட போனேன். குனிஞ்சு கழுத்துல கைய வச்சேன். ஏற்கெனவே ஒண்ணு கெடந்தது. வேற எவளோ கெட்டியாச்சுன்னு நெனச்சு எந்திரிச்சு வந்துட்டேன்.”

ஷிஜி அழுதாள். மைனி அழவில்லை. “எனக்கக் கைதான் ஏலே. நாலு மாசம் கூடக் கெடந்த மனுசனுக்கக் கழுத்து. கைக்குத் தெரியல்ல” என்றாள். அன்றைக்கு முழுக்க அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவும் அந்தக் கையை எடுக்கவில்லை. ஷிஜிதான் ஊட்டினாள்.

அம்மா சாகிறவரை, “ஏழு பேருக்கும் நாங்கதான் கெட்டினோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆறு பேருக்குத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை பூசை வைத்தோம். சாமியார் இளவயதுக்காரர். “எப்ப மரிச்சாரு?” என்று கேட்டார். மைனி, “இந்தத் தவக்காலத்துல” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சாமி என்று சொல்லிவிட்டேன். உங்கள் இன்ஜினியரின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது அவள்தான். சாமியாரால் வாயில் நுழைக்க முடியவில்லை, ஷிஜி மூன்றுதரம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பேத்திக்கு இதை எழுதுங்கள். அவள் தாத்தாவை நாங்கள் காணவில்லை, ஆனால் அவருக்கும் எங்கள் கோயிலில் பூசை நடந்தது. அவள் பாட்டி தலைமாட்டில் வைத்துக் காத்தது எங்கள் அண்ணனை. அவனை ஒருத்தி காத்தாளே என்று மைனி சொன்னதையும் எழுதுங்கள்.

பூசை முடிந்ததும் மைனி என்னைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனாள், கல்லறை இருந்த பக்கம். மின்னைக் கழற்ற அவளால் முடியவில்லை. நான் கழற்றினேன். தண்ணீரில் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். “இது அவரு கெட்டினது. கடலுக்கு எதுக்குக் குடுக்கணும்? எடுத்தது போதாதா?” என்றாள். அன்றைக்கு ராத்திரி கதவுக்குக் கொண்டி போட்டாள். நான் விடியும்வரை தூங்கவில்லை. கேட்டுப் பழகின சத்தம் நின்றால் தூக்கம் வராது போலிருக்கிறது.

வாக்குமூலம் வேண்டாம் என்றீர்கள். வேண்டும். நாளைக்கு யாராவது உங்களைப் பொய்யன் என்று சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதின வாசகம் இல்லை, நாங்கள் சொல்லி ஷிஜி எழுதினது இதோடு இருக்கிறது. இந்த உத்தரியம் கப்பலில் வந்ததில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் தைத்தது. கடலில் போன சிலுவை என்பவன் போட்டிருந்தது. அவன் செத்த பிறகும் அது அவன் கழுத்தில் கிடந்தது.

அதற்குக் கீழே என் கைநாட்டு இல்லை. அன்றைக்குப் பையன்களைத் தென்னந்தோப்பிலேயே நிறுத்திவிட்டார்கள், நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். பக்கத்தில் போனவர்களில் அம்மா போய்விட்டாள். சாமியார் போய்விட்டார். கத்தியால் அறுத்த போலீஸ்காரனும் போயிருப்பான். உத்தரியம் கழற்றிக் கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தியாய்ப் போய்விட்டார்கள். அந்தக் கழுத்தைத் தொட்ட கைகளில் ஒன்றுதான் மிச்சம். அந்தக் கையின் கைநாட்டுதான் அது. உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான்: சிலுவையின் விதவை, மரிய விக்டோரியா.